நான் வரவேற்ற காலி நாற்காலி

யாரை மறக்கவே மாட்டோம் என்று நினைக்கிறோமோ, அவரைத்தான் முதலில் மறக்கிறோம். இது தத்துவமெல்லாம் இல்லை. என் வேலை போன கதை.

எண்பதுகளின் தொடக்கம். அவனியாபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தேன். ஆனியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். "வேலை நிரந்தரமானாத்தான் பொண்ணை அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டார் மாமனாராகப் போகிறவர். (நியாயமான மனிதர். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.) நிரந்தரமாக்கும் கையெழுத்து பள்ளித் தாளாளரின் பேனாவில் இருந்தது.

அந்த ஆண்டு பள்ளி மைதானத்தில் இலக்கிய விழாவும் கண்காட்சியும் நடத்தினார்கள். எல்லாம் தாளாளர் ஏற்பாடு. வரவேற்புரை எனக்கு. அவரே கூப்பிட்டு, "நல்லாப் பேசுங்க தம்பி. திங்கக்கிழமை உங்க ஆர்டரைப் பாத்துருவோம்" என்றார்.

நம் ஊர் மேடைகளில் வரவேற்புரையை யாரும் பேச்சாகக் கேட்பதில்லை. தன் பெயர் வருகிறதா, பின்னால் 'அவர்களே' சேர்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். அதில் தாளாளர் பெயரை மட்டும் எழுதவில்லை. சோறு போடப் போகிற மகராசனை மறப்பேனா? மறந்துபோகக் கூடியவர்களுக்குத்தானே பட்டியல்! (இதை யோசித்த மூளையை அந்தக் கண்காட்சியிலேயே வைத்திருக்கலாம்.)

மேடையில் வெளுத்து வாங்கினேன். கீழேயிருந்து துண்டுச்சீட்டுகள் வந்தபடி இருந்தன. ஒன்றையும் விடவில்லை. மைக்செட்காரர், பந்தல்காரர், ஓலைச்சுவடிகளைக் காட்சிக்கு வைத்தவர், அவருக்குத் துணையாக வந்த மச்சினர், வாசலில் சுக்குமல்லிக் காபி விற்றவர், அத்தனை பேருக்கும் 'அவர்களே'. நல்ல கைதட்டல். காபிக்காரர்தான் அதிகம் தட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிராயிங் மாஸ்டர் பாண்டி, என் நண்பன், மேடை ஓரமாக ஊர்ந்து வந்தான்.

"மாப்ள, தாளாளரை வரவேத்தியா?"

"வரவேற்காம இருப்பனா?"

"எப்படா?"

பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தேன்.

விழாத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினேன். "யாரை மறந்தாலும் மறக்கக் கூடாத பெருந்தகை, எங்கள் பள்ளியின் தூண், தாளாளர் அவர்களே, வருக வருக!" என்று கண்ணை மூடி முழங்கிவிட்டு, திரும்பிக் கும்பிட்டேன்.

அவர் நாற்காலி காலி. காபிக்காரரை நான் வரவேற்றபோதே எழுந்து போய்விட்டாராம்.

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நாற்காலி அவர்களே" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அங்கேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை சாத்துக்குடிப் பையோடு கே.கே. நகரில் அவர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா, தெரியாம விட்டுப்போச்சுய்யா. மன்னிச்சிருங்க."

மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க யாரு தம்பி?"

"ஐயா, நான்தான்யா... நம்ம பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்."

"அப்படியா? எம்புட்டோ பேர் வாராங்க, போறாங்க. ஞாபகம் இல்லையே."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ஆர்டர் வேறொருவருக்குப் போனது. கல்யாணமும் நின்றது. திருமங்கலத்தில் வேறு வேலை கிடைத்து அதே பெண்ணைக் கட்டுவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. நடுவில் மாமனார் அவளுக்கு வேறு இரண்டு இடம் பார்த்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் குமைந்த குமைச்சல் எனக்குத்தான் தெரியும்.

என் மனைவிக்கு இந்தக் கதை மனப்பாடம். கடைக்குப் போய்க் கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்தால் போதும், கதவைப் பாதி திறந்து, "நீங்க யாரு தம்பி?" என்று கேட்பாள். பேரப்பிள்ளைகள் வரை வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, கொத்தமல்லி வாங்கத் திரும்பவும் கடைக்கு நடப்பேன்.