கே-யா, ஜே-யா?

ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். ஒன்றரை நாளைக்குத்தான். ஆனாலும் பறித்தது பறித்ததுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. விழுப்புரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சுற்றுவட்டாரத்து ஆலைகளில் பேனல் போர்டு பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். விசிட்டிங் கார்டில் ‘ஆட்டோமேஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போட்டிருப்பேன். (அதில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தியவர் அச்சகத்துக்காரர்.)

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்துப் பாக்கெட் போடும் சின்ன ஆலை ஒன்று. வறுக்கும் உருளையின் சூட்டைப் பார்த்து பர்னரை ஏற்றி இறக்குகிற கண்ட்ரோலர் மாட்யூல் ஒருநாள் காலையில் செத்துப்போனது. உள்ளங்கையளவு டப்பாதான். ஆனால் அது இல்லாமல் உருளை ஓடாது. முதலாளி தணிகாசலம் போன் செய்தார்.

“தம்பி, ஜல்தி வாப்பா. வேலைக்கு வந்த பொம்பளைங்கல்லாம் சும்மா குந்திக்கினு இருக்காங்க.”

போனேன். மாட்யூலின் நம்பரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் திரும்பி கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கடைசியில கே-வா, ஜே-வா சார்? ரெண்டும் இருக்குது.”

படத்தில் கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. திண்டிவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கவுண்டரில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஸ்பெஷலிஸ்ட் போன் போட்டுக் கேட்பானா?

“எது போட்டாலும் ஓடும். ஜே குடுங்க” என்றேன்.

(என் பெயர் ஜெகதீசன். ஜே-வைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.)

மதியத்துக்குள் மாட்டிவிட்டேன். திரையில் எண்கள் பளிச்சென்று வந்தன. உருளையை எட்டு வருடமாக ஓட்டும் செல்வி, கழற்றிப் போட்ட பழைய டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

“சார், இதுல கடைசியில கே-ன்னு இருக்குது. புதுசுல ஜே போட்டிருக்குதே?”

“அது கம்பெனிக்காரன் அவன் அடையாளத்துக்குப் போடறதுங்க” என்றேன். சொன்ன அழகில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நூற்று அறுபது டிகிரி வைத்து, மல்லாட்டையைக் கொட்டினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“சார், சூடு ஜாஸ்தியா இருக்குது. வாசனையே மாறிப்போச்சு. நிறுத்திடட்டுமா?”

“நூத்தறுவதுன்னுதானே காட்டுது? மெஷினைவிட உங்க மூக்கு பெருசா?”

அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

சற்று நேரத்தில் ஆலை முழுக்கப் புகை. பாக்கெட் போடும் பெண்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உருளையிலிருந்து கொட்டியதை மல்லாட்டை என்று அதைப் பெற்ற செடியே ஒப்புக்கொள்ளாது. முதலாளி ஓடி வந்தார்.

“இன்னாப்பா இது?”

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. ‘தெரியலைங்க’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

“ஆபரேட்டர் டயத்துக்கு எறக்கலைங்க. செட்டிங்கையும் தொட்டிருக்காங்க போல.”

(‘போல’ என்பது கோழைகள் ஒளிந்துகொள்ளும் சொல்.)

“நீ வூட்டுக்குப் போம்மா. சொல்லி அனுப்பறேன்” என்றார் முதலாளி. செல்வி கை கழுவி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதலாளி சொன்னார்: “நீயே ஓட்டிக் காட்டு தம்பி.”

ஓட்டினேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்று அறுபது, நூற்று அறுபது, நூற்று அறுபது, புகை.

பழி போட ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் இல்லை. அப்புறம்தான் உருளைக்குள் சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றினேன். அதன் ஒயரில் ஒரு சின்னத் தகடு. அதில் கே. அந்த சென்சார் சொல்வது கே மாட்யூலுக்குத்தான் சரியாகப் புரியும். ஜே மாட்யூலோ அதைத் தப்பாகக் கணக்குப் பண்ணி, உள்ளே இருநூறைத் தாண்டிக் கொதிக்கும்போது நூற்று அறுபது என்று காட்டிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை.

“அப்போ அந்தப் பொண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே விழுப்புரம் போய் கே வாங்கிவந்து மாட்டினேன். (கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட்டார்.) சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து செல்வி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய கணவர். “வாங்க சார், வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “மெஷின் ரிப்பேருன்னு லீவு வுட்டுட்டாங்கன்னு செல்வி சொல்லிக்கினு இருந்துது. சரியாயிடுச்சுங்களா? டீ சாப்புடறீங்களா?”

செல்வி அவரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. செல்வியே டீ கொண்டுவந்தார்; வாங்கிக் கீழே வைத்தேன். ஆரம்பித்தேன்: “அக்கா, நேத்து நான்...”

“இங்க சொல்லாதீங்க சார்” என்றார் செல்வி. “எல்லாருக்கும் எதிர்லதானே என்னைய அனுப்புனீங்க? அங்கயே வந்து சொல்லுங்க.”

மறுநாள் காலை, பாக்கெட் போடும் பதினோரு பெண்கள் முன்னால் நின்று சொன்னேன். அவர்களில் ஒருவர், “இன்னா கே, இன்னா ஜே? புரியற மாதிரி சொல்லுங்க சார்” என்றதால் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. உருளையைக் கிளப்பி, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

கல்யாணமான புதிதில் புத்தியில்லாமல் மல்லாட்டை கருகிய கதையை மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் பிறந்த ஊர் முகையூர். மாமனார் வீட்டில் வருஷா வருஷம் மல்லாட்டை போடுகிறார்கள். அறுவடைக்குப் போனால் எல்லாருக்கும் வறுத்தது வரும், எனக்கு மட்டும் வேகவைத்தது. “மாப்ளைக்கு வறுத்தது ஆவாது” என்பார் மாமியார். ஏன் என்று யாராவது கேட்டால் போச்சு, மச்சான் ஆரம்பித்துவிடுவான். போன வருடக் கதையில் ஃபயர் சர்வீஸ் வண்டி வந்தது. நான் திருத்துவதில்லை.

ஏனென்றால் அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் அந்தக் கதையில் கருகிய மல்லாட்டை இருக்கிறது, ஜே இருக்கிறது, நான் இருக்கிறேன், செல்வி இல்லை. அந்தப் பகுதியை நான் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. இதைப் படித்தபிறகு முகையூரில் எனக்கு வேகவைத்ததாவது கிடைக்குமா என்பதே சந்தேகம்தான்.