கம்பளி போர்த்திய லெப்டொப்

இஸ்பேட் ராணியை ஆடுதன் ராஜாவின் மேல் வைக்கப் போன நேரத்தில் லெப்டொப் பட்டென்று அணைந்தது. இரண்டு நாளில் இது நான்காவது தடவை.

"ச்சே!" என்றான் மூக்கன்.

"என்னாச்சுங்க?" அடுப்படியிலிருந்து அழகம்மா கேட்டாள்.

"எழுதிக்கிட்டே இருந்தேன். அதுவா நின்னு போச்சு."

சொன்ன நாக்கு அவனுக்கே கூசியது.

லெப்டொப் சிவகௌரி டீச்சருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெரிய ஆட்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். பதின்மூன்று பேர் இருந்த அந்த வகுப்பில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப் போன கையால் முதன்முதலில் தன் பெயரை எழுதிக் காட்டியவன் மூக்கன். ஆளுக்கு நாலு வரி என்று எல்லோரும் எழுதியதை ஒரு மலராக அச்சடிக்க வேண்டும். அதை லெப்டொப்பில் தட்டித் தரும் வேலையை டீச்சர் அவனிடமே விட்டிருந்தார்.

"மூக்கன் அண்ணை, உங்களை நம்பித்தான் ஒரு கிழமைக்குத் தாறன்."

முதல் நாள் ஐந்து பேருடையதைத் தட்டினான். இரண்டாம் நாள் திரையின் ஒரு மூலையில் சீட்டுக்கட்டுப் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதை வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பத்து வருசத்துக்கு முன்னால் தீபாவளிக்குச் சீட்டாடி, அழகம்மாவின் காதுத் தோட்டை வைத்துத் தோற்றவன் அவன். "இனிமே சீட்டத் தொட்டீங்க, நான் டயகமயில எங்கண்ணன் வீட்டுக்கே போயிருவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். இப்போது காசு இல்லை, எதிராளி இல்லை, தொட்டது சீட்டையும் அல்ல, பிளாஸ்டிக்கைத்தான் என்று தனக்குத் தானே வாதாடிப் பார்த்தான். வாதம் சரியாகத்தான் இருந்தது. அவளுடைய வெறும் காதைப் பார்க்கும்போது மட்டும் தலை தானாகக் குனிந்தது.

அழகம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து லெப்டொப்பின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸா கெடக்கு. இந்தப் பனியில மனுசனுக்கே வெறைக்குது. பாவம், கொழும்புச் சாமான், தாங்குமா?"

மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் தன் கம்பளியைக் கொண்டு வந்து அதற்குப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் அவள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனதும், மூக்கன் கம்பளிக்குள் கையை விட்டு ஆடினான். மூன்றாவது ஆட்டத்தில் நின்றுவிட்டது. போதாததற்குக் கம்பளி மயிர் பொத்தான்களுக்குள் சிக்கி 'க' அழுந்த மறுத்தது. தட்டிப் பார்த்தபோது அவனுடைய பெயர் 'மூன்' என்று வந்தது.

"அப்ப சூடு பத்தல" என்றாள் அழகம்மா.

அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் லெப்டொப் ஏறியது. ஒரு நாள் முழுக்கப் புகை குடித்து இறங்கியபோது கருவாட்டு வாசம் அடித்தது. மூக்கன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆடினான். மூன்றாவது ஆட்டம். நின்றது.

லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகன், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவன். அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"உள்ளுக்கு ஈரம் எறங்கியிருக்கு மாமா. ஸ்டோருல கொழுந்து வாட்டுற தட்டுல ஒரு ராவு வச்சா மொறுமொறுன்னு ஆயிரும்."

"வேணாம்டா!"

"நீங்க சும்மா இருங்க. குடுத்து விடுறேன்" என்றாள் அழகம்மா.

விடியற்காலையில் கொழுந்தைக் கிளறிப் பார்த்த டீமேக்கர் ஐயா போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டது.

"யாருடா கொழுந்தோட சேத்து இதையும் பறிச்சது?"

பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லோரும் மூக்கனைத்தான் பார்த்தார்கள்.

"என்ன மூக்கண்ணே, லெப்டொப்பு நல்லா வாடிருச்சா?"

"அரைச்சு வடிச்சா எங்களுக்கும் ஒரு கோப்பை சாயம் குடுங்க!"

கத்தியைத் தூக்கிக்கொண்டு கடைசி நிரைக்குப் போய் நின்றான்.

சனிக்கிழமை மஸ்கெலியாவில் லெப்டொப் திருத்தும் கடைக்கு அழகம்மாவும் கூடவே வந்தாள். திருத்துகிறவர் லெப்டொப்பைக் கவிழ்த்துத் தட்டினார். மேசையில் ஒரு கைப்பிடி வாடிய கொழுந்து விழுந்தது. அவர் கொழுந்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நிக்கும்போது நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

சொல்லிவிடலாம் என்று மூக்கன் வாயைத் திறந்தான்.

"எழுதிக்கிட்டு இருந்தாருங்க" என்று அழகம்மா முந்திக்கொண்டாள். "வேல விட்டு வந்தா இதோடதான் ஒக்காந்திருக்காரு. முந்தி இவரு இருந்த இருப்புக்கு, இப்பிடி எழுத்தும் கையுமா இருப்பாருன்னு நான் கனவுலயும் நெனக்கல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

கடைக்காரர் ஒரு மணி நேரம் எதையெதையோ தட்டினார். லெப்டொப் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுது! எதுக்கும் கழட்டிப் பூட்டுறேன்."

கழற்றிப் பூட்டி முடித்ததும் இரண்டு திருகாணிகளை மூக்கனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மிச்சம்."

அதன் பிறகு மூடி மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் டீச்சரின் குவாட்டர்ஸுக்குப் போனார்கள். டீச்சர் சாக்கைப் பிரித்து மூக்கைச் சுளித்தார். பிறகு திறந்து பார்த்தார்.

"அண்ணை, அஞ்சு பேரின்ரதானே இருக்கு?"

"நின்னு நின்னு போச்சுங்க டீச்சர்."

"நிண்டதோ?"

"தப்பெல்லாம் என் மேலதாங்க டீச்சர்" என்று அழகம்மா கையைக் கூப்பினாள். "கம்பளி போத்தினது, பரணுல வச்சது, ஸ்டோருக்குக் குடுத்தது எல்லாம் நாந்தான். இந்த மனுசன் எழுதுறதத் தவிர ஒரு பாவமும் அறியாருங்க. அவர ஒண்ணும் சொல்லிராதீங்க."

தனக்காக அவள் கும்பிடுவதைப் பார்க்க முடியாமல் மூக்கன் சுவரைப் பார்த்தான். அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். மூக்கனின் முகத்தைப் பார்த்தார். அழகம்மாவின் கூப்பிய கையைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"பரவாயில்லை அம்மா. அது பழைய மெசின். அப்பிடித்தான் இடைக்கிடை நிக்கும்."

மூக்கனுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு வந்தது. இனி ஜென்மத்துக்கும் அந்தப் படத்தின் பக்கம் திரும்புவதில்லை என்று மனதுக்குள் இன்னொரு கற்பூரம் அடித்தான். மிச்சம் எட்டுப் பேருடையதைக் கையாலேயே எழுதித் தருவதாகச் சொன்னான்.

"பாத்தீங்களா டீச்சர், என்னா ஆசன்னு!" என்று பூரித்துப் போனாள் அழகம்மா.

அப்போது தேத்தண்ணித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார் டீச்சரின் கணவர் பேரின்பநாயகம், கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் மனிதர். நெடுநாள் தேடிய கூட்டாளி கிடைத்துவிட்டதைப் போல மூக்கனைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"உங்களுக்கும் மூண்டாவது ஆட்டத்திலதான் நிண்டதோ, அண்ணை? சீட்டு விளையாடினா மட்டும் நிக்கிற மாதிரி இவதான் எனக்கெண்டு தன்ர தம்பியைக் கொண்டு செய்து வச்சிருக்கிறா!"