மாப்பிள்ளை வண்டியின் சக்கரங்கள் குறித்து மாதப்பனுக்கு

பாகலூர் சாலை, ஓசூர்.
வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்து.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் மாதப்பன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் நாராயணப்பன் எழுதுவது. இங்கே நானும் ருக்மணியும் வண்டியும் நலம். அங்கே சாமல்பட்டியில் நீங்களும் தங்கச்சியும் உங்கள் மகள் கல்யாணப்பெண் பிரியாவும் மாந்தோப்பும் நலமாக இருக்க வேண்டும். இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வண்டி என்று வாயெடுத்ததும், "கரண்டு வந்துடுச்சு மாமா, மோட்டார் போடணும்" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் பேசும் நேரம் பார்த்துக் கரண்ட் வருகிற ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெற்றி! மாப்பிள்ளை அழைப்புக்காக ஊத்தங்கரையில் நீங்கள் சொல்லி வைத்திருக்கும் வெளி வண்டியை இன்றே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை பாலாஜி, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு என் வண்டியில்தான் வருகிறார். என் வண்டி இப்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்பதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. புது அலாய் சக்கரமும் புது டயரும் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொட்டு வைத்து, ஓசூரிலிருந்து அத்தனை தூரம் ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் திருப்புகிறேன், வண்டி "கர்ர்ர்ர்" என்கிறது. பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பாலாஜியின் தாய்மாமன் எழுந்தே வந்து, "உள்ள ஆடு ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா?" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள் மச்சான். சிரித்ததோடு விடாமல், "மாப்பிள்ளை அழைப்புக்கு வெளிய வண்டி சொல்லிக்கலாம்" என்று அவரிடமே வாக்குக் கொடுத்தீர்கள். அன்று எனக்குப் பாயசம் இறங்கவில்லை. பிரியா ஓசூரில் காலேஜ் படித்த காலமெல்லாம் எங்கள் வீட்டில் இருந்து படித்தவள். பஸ்ஸைத் தவறவிட்ட நாளிலெல்லாம் நான்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், முக்கால்வாசி நாள் அவள் பஸ்ஸைத் தவறவிடுவாள். எங்களுக்கென்று பெண் இல்லை. அவளுடைய மாப்பிள்ளை யாரோ ஒருவன் வண்டியில் வந்து இறங்க, நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதென்றால் என்னால் ஆகாது. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஊர் திரும்பியதும் வேலையில் இறங்கினேன். சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு பழுது வந்தால் ஐந்து முறை "ஏன்" கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் மூலகாரணம் வந்து நிற்கும் என்பது எங்கள் கம்பெனியில் பாலபாடம். ருக்மணியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். சத்தம் ஏன் வருகிறது? டயர் மட்கார்டில் உரசுகிறது. ஏன் உரசுகிறது? சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, டயரும் வண்டிக் கம்பெனி கொடுத்ததைவிட உயரம். ஏன் அப்படி இருக்கிறது? அப்படிப்பட்டதைத்தான் கடையில் வாங்கினோம். ஏன் வாங்கினோம்? பெங்களூர்ப் பையன்கள் வண்டியெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அவர்களைப் பார்த்து நாம் ஏன் வாங்க வேண்டும்? இந்த ஐந்தாவது கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ருக்மணி கீரை ஆய்ந்தபடி, "கொழுப்புன்னு எழுதிக்கோங்க" என்றாள். என் சர்வீஸ் முழுக்க இவ்வளவு சீக்கிரம் மூலகாரணம் கிடைத்ததில்லை.

கொழுப்புக்கு மருந்தில்லை, சக்கரத்துக்கு உண்டு. சக்கரக் கடை விஜயகுமாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் "கரெக்ட் சார்" என்பார், அதனால் அவரிடம் ஆலோசனை கேட்பது கண்ணாடியிடம் கேட்பது மாதிரி. முதல் தடவை சக்கரம் வாங்கப் போனபோதே ஆஃப்செட் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஓய்வு பெற்ற தர ஆய்வாளன் தெரியாது என்று சொல்லலாமா? "இருபத்தஞ்சு போடுங்க" என்றேன். "கரெக்ட் சார்" என்று போட்டுவிட்டார். இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், போல்ட் பூட்டுகிற இடம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். கம்பெனி கொடுத்தது நாற்பத்தைந்து. நான் கேட்டு வாங்கிய இருபத்தைந்தில் சக்கரம் வெளியே வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே வந்ததுதானே குற்றம், உள்ளே தள்ளிவிடுவோம் என்று ஐம்பத்தைந்து கேட்டேன். "கரெக்ட் சார்" என்றார் விஜயகுமார்.

அந்தச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மலைப்பாதை வளைவுகளில் சோதித்துப் பார்க்கலாமென்று தளிப் பக்கம் போனேன். குளிர்ந்த காற்று, இருபுறமும் பூந்தோட்டம், மனசெல்லாம் மாப்பிள்ளை அழைப்பு. முதல் வளைவில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன், இப்போது சத்தம் உள்ளே இருந்து வருகிறது. டயர் உள்ளே போய் ஷாக் அப்சார்பரை இடித்துக்கொண்டு அழுகிறது. முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைத் தட்டி நிறுத்தி, "ஏன்ரீ, காடி அள்தா இதெ!" என்றார். வண்டி அழுகிறது என்று கன்னடத்தில் சொல்கிறார். அது எனக்குத் தெரியாதா? நானும்தான் அழுதுகொண்டிருந்தேன். இறங்கிப் பார்த்துவிட்டு அவர், "பஸ்ல போங்க சாமி" என்று தமிழிலும் ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வண்டியைத் துணி போட்டு மூடி வைத்தேன். மூன்றாம் நாள் காலை, கம்பெனியில் பயன்படுத்திய அளவுகோலைத் தேடி எடுத்து, வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, நானே அளந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ருக்மணியிடம் விசாரித்தார்கள். அளக்க அளக்க எனக்கு ஞானம் பிறந்தது மச்சான். ரிம் பெருத்தால் ரப்பர் மெலிய வேண்டும், மொத்த உயரம் பழையபடியே நிற்க வேண்டும். பழைய டயர் நூற்று எழுபத்தைந்து மில்லிமீட்டர் அகலம், ரப்பரின் உயரம் அதில் அறுபத்தைந்து சதவீதம், ரிம் பதினான்கு இஞ்ச். அதற்குப் பதினைந்து இஞ்ச் ரிம்மில் சரியான ஜோடி நூற்று எண்பத்தைந்து அகலம், ஐம்பத்தைந்து சதவீதம். இரண்டுக்கும் மொத்த உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஜாதகம்கூட இப்படிப் பொருந்தாது. ஆஃப்செட்டுக்கு நாற்பத்தைந்தே உத்தமம், ஆனால் மாப்பிள்ளை ஏறுகிற வண்டி கொஞ்சமாவது எடுப்பாக நிற்க வேண்டாமா என்று முப்பத்தெட்டாக எடுத்தேன். விஜயகுமார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

பூட்டியாயிற்று. மறுபடியும் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டு மரத்தில் இப்போது இலைதான் இருக்கிறது. நேற்று விடிந்ததும் தனியாகக் கிளம்பினேன். கிருஷ்ணகிரி வரைக்கும் போனேன், வந்தேன். வேகத்தடையில் ஏற்றினேன், பள்ளத்தில் இறக்கினேன், காலி மைதானம் ஒன்றில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சத்தம்? ஒரு முனகல்? கிடையாது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கம்பெனியில் தேறிய உருப்படிக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் ஒன்று பீரோவில் கிடந்தது, அதை எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நான் கையெழுத்துப் போட்ட உருப்படி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஆகவே பாலாஜியின் தாய்மாமனிடம் போய், நாராயணப்பன் வண்டியில் ஆடு இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வெளி வண்டிக்காரனிடம் கறாராகப் பேசுங்கள். பிரியாவுக்கு எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள். தீர்க்க சுமங்கலியாக, கணவன் பேச்சில் பாதியையும் தன் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு நூறாண்டு வாழட்டும். தங்கச்சிக்கு என் அன்பு. தோப்புக்குக் காய்ப்பு பெருகட்டும்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
உங்கள் அக்காள் கணவன்
நாராயணப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். வண்டி தேறியதற்குச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாமென்று, ருக்மணியையும் எதிர்வீட்டு முனிலட்சுமியையும் அவள் கணவன் திம்மராயனையும் அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். திம்மராயன் நல்ல ஆகிருதி, அவர் அம்மா அவரைவிட. முதல் வேகத்தடையில் பின்பக்கம் "கர்ர்ர்ர்" என்றது. நான் சோதித்தபோது வண்டியில் என்னைத் தவிர ஆளில்லை. கம்பெனியில் சும்மா ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பிரிவு, சுமை ஏற்றிப் பார்ப்பது அடுத்த பிரிவு. மாப்பிள்ளையோடு தோழன், தங்கைகள், குழந்தை குட்டிகள் எல்லாம் ஏறிக்கொள்ளும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியை நிறுத்திவிட்டு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து உங்கள் அக்காள், "எதுக்கு இப்ப ஒப்பாரி? மாப்ள அழைப்புல வண்டிக்கு முன்னாடி மேளம் அடிச்சுக்கிட்டுப் போவாங்க. அந்தச் சத்தத்துல இது யாரு காதுல உழப்போவுது?" என்றாள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நிச்சயதார்த்தத்தன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க என்னியப் பேச வுட்டீங்க?" என்கிறாள். ஆகையால் மச்சான், மேலே எழுதிய சக்கர விவரம் எதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளி வண்டியை ரத்து செய்துவிடுங்கள். மேளத்தை மட்டும் இரண்டு செட்டாகச் சொல்லுங்கள், கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மூச்சு வாங்காமல் வாசிக்கிற ஆட்களாகப் பார்த்து.