துருவக் கடலட்டையும் கோரமண்டல் மேசையும்

வாழ்க வினோலியா! பொன்னெல்லாம் சீமைக்குப் போய்ப் புழுதி மட்டும் மிஞ்சிய தங்கவயலில், கோரமண்டல் திருநகரில் அவதரித்தவளும், வைகறை ரயிலில் ஒற்றைக் காலில் நின்றே பெங்களூரு வரை தவம் செய்பவளும், ஆய்வு நிறுவனமொன்றில் ஆறாண்டாகத் தற்காலிகப் பணி என்னும் வனவாசம் அனுபவிப்பவளுமாகிய அவ்வீராங்கனையின் புகழ்பாடப் புகுந்தோம். நாமகளே, நாவில் வந்து அமர்க. அமர இடமில்லையென்றால் ஓரமாக நின்றாவது வருக.

தென்துருவப் பனிக்கடலின் அடியாழச் சேற்றிலிருந்து கப்பலொன்று வாரி வந்தவற்றுள் அரைவிரல் நீள உயிர் ஒன்று இருந்தது. வெளிறிய மேனி, வரிவரியான முதுகு, சுருண்ட உடல். சேற்றைத் தின்று சேற்றையே கழிக்கும் கடலட்டை. மூளை கிடையாது. உலகம் அதுவரை அறியாத இனம் அது என்று நுண்ணோக்கியில் கண்டு தெளிந்தவள் வினோலியா. அதற்குத் தம் பெயரே சூட்டத்தக்கது என்று காணாமலே தெளிந்தவர் இயக்குநர் மனோகர். "என் பேரு வரட்டும்மா, உன் வேலை பர்மனென்ட் ஆயிடும்" என்பது அவர் அருளிய வரம். பெயருக்கும் பிராணிக்கும் உள்ள பொருத்தம் பற்றி நாம் வாய் திறப்பதற்கில்லை.

புதிய இனமென்று அறிவிப்போர் அதன் உடலை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சாத்திரம். உடல் இல்லையேல் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் வினோலியாவுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட உடல் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆய்வகத்தைக் கிறிஸ்துமஸுக்குப் பூட்டிவிட்டதால், அது சாராயப் புட்டியில் மிதந்தபடி, நுண்ணோக்கியும் துணைவர, கோரமண்டல் வந்து சேர்ந்தது. மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். எஞ்சியது நீளத்தை இன்னொருமுறை அளப்பது மட்டுமே.

அளக்க மேசை வேண்டும். ஆடாத மேசை அவ்வீட்டில் ஒன்றுதான். அதன்மேல் மைதாமாவுப் படை திரட்டி, புதுச் சீப்பை உடைவாளென ஏந்தி நின்றாள் பேரரசி பியாட்ரிஸ், பெற்ற தாய். சிறு மாவுருண்டையைச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டி எண்ணெயில் பொரித்தால் கல்கல். அது இல்லாத கிறிஸ்துமஸைத் தங்கவயல் கிறிஸ்துமஸ் என்றே ஒப்புவதில்லை.

போர் மூண்டது. நுண்ணோக்கி முன்னேற, மாவுத்தட்டு எதிர்க்க, மகளின் மடிக்கணினி கீழ்த்திசையைக் கைப்பற்ற, தாயின் பூரிக்கட்டை மேற்றிசையை வளைக்க, மாவுப்புழுதி எழுந்து சன்னல் வெளிச்சத்தை மறைத்தது.

"என் வேலையே இதுலதான் மம்மி கீது" என்று முழங்கினாள் மகள்.

"பாஸ்டர் வூட்டுக்கு சாயங்காலம் தட்டு அனுப்பணும். உன் பூச்சிய மொட்டமாடிக்கு எடுத்துனு போ" என்று ஆணையிட்டாள் தாய்.

தொழிற்சாலையில் வெல்டிங் செய்து ஓய்வு பெற்ற தந்தை சாம்ராஜ், இரு படைக்கும் நடுவில் நாற்காலியில் சாய்ந்து தூங்குவதாகப் பாவனை செய்தார். திருமணமான நாள் முதல் அவர் கடைப்பிடித்து வரும் வெளியுறவுக் கொள்கை அது.

முடிவில் உடன்படிக்கை ஏற்பட்டது. பூரிக்கட்டையே எல்லை, பாதி மேசை மகளுக்கு. வினோலியா புட்டியைத் திறந்து, கடலட்டையை இடுக்கியால் எடுத்து, ஈரம் ஒற்றி, எவர்சில்வர் தட்டில் கிடத்தி, அளந்து, மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மனோகர் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் இருக்கக் கண்டு வயிறெரிந்தாள். ஆனாலும் அனுப்பிவிட்டாள். வனவாசம் முடிந்ததென்று அவள் கண் கலங்கியதும் உண்மை.

பியாட்ரிஸுக்கும் மனம் இளகியது. சண்டை போட்டாலும் தனக்கு ஒத்தாசையாக ஒரு கல்கலாவது சுருட்டி வைத்திருக்கிறாளே, பிள்ளை என்றால் பிள்ளைதான் என்று பூரித்து, மகளின் தட்டையும் எடுத்து வாணலியில் கவிழ்த்தாள். எண்ணெய் ஒருமுறை படபடவென்று சீறி அடங்கியது.

துருவம் வென்ற தோகை, ஆறாண்டுத் தவத்தின் பயனை அடைந்த அருந்தவச் செல்வி, ஒரு கையில் புட்டியும் மறுகையில் இடுக்கியும் ஏந்தி, அருங்காட்சியகம் புகவேண்டிய அந்த ஒரே உடலை எடுக்கத் திரும்பி, வெறுந்தட்டைக் கண்டு, வாணலியைக் கண்டு, தாயின் மலர்ந்த முகத்தைக் கண்டு, ஏந்திய இரண்டையும் கீழே போட்டு, சல்லடையில் மலையெனக் குவிந்த கல்கலை இரு கையாலும் கிளறத் தொடங்கிய அவ்வேளையில், சாம்ராஜ் கண்விழித்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இன்னா பியாட்ரிஸ், இது மட்டும் உப்பு கரிக்குது" என்றார்.