சான்றிதழுக்கு அழுதவர்கள்

நாரின் நகரம்

அன்புத் தம்பி தலாய்பெக்குக்கு,

மேய்ச்சல் வெளியில் நீயும், குதிரைகளும், உன் மனைவி பூருலும் சுகமென்று நம்புகிறேன். நெஞ்சுவலிக்காகக் கிராம சுகாதார நிலையத்தில் அவளுக்கு இதயத் துடிப்புப் பதிவு எடுத்ததாகச் சொன்னாயே, பதில் வராததால் நல்ல செய்தி என்றே எண்ணியிருப்பாய். மேய்ச்சல் வெளியில் தொலைபேசி எடுக்காது. உங்கள் பக்கம் வரும் சமத்தின் வண்டியில் மாவு ஏற்றி முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

கிராமங்களின் பதிவுகள் எங்கள் மருத்துவமனைக் கணினிக்குத்தான் வருகின்றன. அது நம்பத்தக்கது என்பதற்குக் கணினிக்குள்ளேயே ஒரு மின்சான்றிதழ் உண்டு. அது காலாவதியானால் கிராமத்துக் கணினிகள் எதையும் அனுப்பாது. அந்தத் தேதியைக் கண்காணித்து எச்சரிப்பது என் வேலை. புதுப்பிப்பது தலைமை மருத்துவர் நாசிரா. எச்சரிக்கை மருத்துவமனையில் எல்லோருக்கும் தானாகப் போகும், வாசகம் மட்டும் நான் எழுதியது. கெட்ட செய்தியை நம்மவர்கள் நேராகச் சொல்வார்களா? ஆகவே, 'நெடுநாள் நம்மோடு உழைத்தவரின் காலம் நெருங்குகிறது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். கடைசி எச்சரிக்கை, 'காலம் முடிந்தது.' என் சளியையும் வயதையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். விடுப்பில் வீட்டில் இருந்தேன். சாவு வீட்டுக்கு வரும் வழக்கப்படி, தெருமுனையிலிருந்தே மருத்துவமனை ஆண்கள் ஓலமிட்டு வந்தார்கள். யாருக்கு என்று பார்க்கக் கதவைத் திறந்தேன்.

"பைகே, அண்ணே, நீங்க சாகலையா?" என்றான் முன்னால் வந்தவன்.

"மன்னிக்கணும், இல்லை" என்றேன்.

நாசிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப செத்தது யாரு?" என்றார்.

"சான்றிதழுங்க."

"அதை நேரா சொல்லித் தொலைச்சா வாய் வெந்துடுமா? என் புருஷன் சாவுச் சாப்பாட்டுக்கு ஆட்டையே அறுத்துட்டாரு."

அறுத்த ஆட்டை வீணாக்கக் கூடாதென்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் தின்றேன். பாதியில் நாசிரா, "மலையிலேர்ந்து எத்தனை பேரோட பதிவு நிக்குதோ" என்றார். அதற்குப் பிறகு யாரும் மெல்லவில்லை. அவர் ஓடிப்போய்ப் புதுப்பித்தார். நின்றிருந்தவை வந்து சேர்ந்தன. என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

உன் மந்தை பெருகட்டும், உன் கூடாரத்தில் புகை அணையாதிருக்கட்டும்.

உன் அண்ணன்,
கஸ்மாலி

பின்குறிப்பு: பூருலின் பதிவும் அதில் இருந்தது. அது நன்றாக இல்லை. உடனே கொண்டுவரச் சொல்கிறார் நாசிரா. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மேலேயே எழுத என் கை வரவில்லை. சமத்திடம் மட்டும் நேராகச் சொல்லிவிட்டேன்: "காகிதத்தை அப்புறம் குடு. முதல்ல அவளப் படுக்க வச்சுக் கூட்டிட்டு வா." அவன் சொன்னபடி செய்திருந்தால், இதை நீ மருத்துவமனை வாசலில் படித்துக்கொண்டிருப்பாய். நான் உள்ளே அவள் பக்கத்தில் இருப்பேன். வா.