ஏரியல் மாஸ்ரரின் மறுவளக் கம்பி

தான் குற்றவாளி என்று ஊர் முன்னிலையில் நிரூபித்து, அதனாலேயே விடுதலையான மனிதர் தெல்லிப்பழையில் ஒருவர்தான். அவர் ஏரியல் மாஸ்ரர்.

ஓய்வுபெறும்வரை பௌதிகம் படிப்பித்தவர். அவருடைய ஏ-40 கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. அதன் வயர் வேலையை வேறெவரும் தொட விடமாட்டார். “கராச்சுக்காரன் வயரைத்தான் பாப்பான், தம்பி. நான் கரண்டைப் பாக்கிறனான்” என்பார். அவர் பார்த்ததன் பலனாக, வைப்பர் சுவிச்சைத் தட்டினால் ஹோர்ன் அடிக்கும். மழை நாட்களில் அந்தக் காருக்கு பஸ்களே ஒதுங்கி வழிவிட்டன.

கிரிக்கெட் வர்ணனை கேட்பதற்காகக் காருக்கு றேடியோ பூட்ட அவர் ஆசைப்பட்டார். தடையாக நின்றவர் மனைவி. ஊருக்கு அவர் ரீச்சர். கணக்குப் படிப்பித்தவர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். மாஸ்ரருக்கோ இடுப்பு வலி. தேவாலய மர வாங்கில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்க ஏலாது. ஆகவே தேவாலய வளவு வேப்பமரத்தின் கீழ், காருக்குள் சாய்ந்தபடி, ஒலிபெருக்கியில் ஆராதனையைக் கேட்பார். றேடியோ வந்தால் எதைக் கேட்பார் என்பதில் ரீச்சருக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் ரீச்சரே ஒரு நிபந்தனை வைத்தார். “பூட்டுங்கோ. ஆனா றேடியோவைப் போட்டால் ஏரியல் தானா எழும்ப வேணும். மோட்டர் வைச்ச சாமான் இருக்காம். ஓர்கனிலை இருந்து பாத்தால் யன்னலாலை எனக்குக் கார் தெரியும்.”

மூன்று நாள் வேலை. அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் திருகாணிகளை ஏந்தி நின்றவன் நான். இந்தக் காலத்துக் கார்களில் பற்றறியின் நெகற்றிவ் முனைதான் கார்த் தகட்டோடு சேர்ந்திருக்கும். ஏ-40இல் பொசிற்றிவ். மாஸ்ரருக்கு இது தெரியும். றேடியோவைப் பூட்டும்போது நினைவிலும் இருந்தது. பழைய றப்பர் செருப்பை வெட்டி, தகட்டில் முட்டாமல் அதன்மேல் றேடியோவை இருத்தினார். ஏரியல் மோட்டருக்கு வரும்போது தேத்தண்ணி வந்தது. இதை மறந்துவிட்டார்.

றேடியோவைப் போட்டார். பாட்டு வந்தது, ஏரியல் வரவில்லை. நிறுத்தினார். முன்சில்லு மட்காட்டுக்குள்ளிருந்து மெல்லிய முனகலோடு கம்பி எழும்பி மூன்றடி உயரத்துக்கு நின்றது. திரும்பப் போட்டார். கம்பி உள்ளே போய் ஒளித்துக்கொண்டது.

“மோட்டர் மறுவளமாச் சுத்துது, மாஸ்ரர். ரெண்டு வயரை மாத்திக் குடுத்தால் சரி” என்றேன்.

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். பிறகு தேவாலயம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

“விஞ்ஞானத்திலை அவசரப்படக் கூடாது” என்று வயர் வெட்டும் குறட்டைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ரீச்சருக்கு முன்னால் பரிசோதனை நடந்தது. “இந்தா போடுறன்” என்று சொல்லி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த றேடியோவை நிறுத்தினார். கம்பி எழும்பியது.

“சத்தத்தைக் காணேல்லை?”

“ஸ்ரேசன் இன்னும் பிடிபடேல்லை.”

ரீச்சருக்குக் கம்பிதான் முக்கியம். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் ரீச்சரோடு போகும்போதெல்லாம் றேடியோ ஓடியபடியே இருக்கும், சத்தம் மட்டும் பூச்சியத்தில். வீட்டுக்கு வந்ததும் பற்றறி வயரைக் கழற்றிவிடுவார், கம்பி உள்ளேயே உறங்கும். ஞாயிறு காலையில் வேப்பமரத்தின் கீழ் சத்தம் கொஞ்சம் கூடும். ஏரியல் மடங்கியிருப்பதால் வர்ணனை ஒரே இரைச்சல். மாஸ்ரர் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஸ்பீக்கரோடு காதை வைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஜெபம். இரண்டு வருடமாக ஊர் அப்படித்தான் பார்த்தது. போதகர் ஒருநாள் பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் காட்டினார்.

பிறகு தேவாலய ஆண்டுவிழா வந்தது. இரண்டு மாதமாகப் பழகிய நீண்ட இசையொன்றை ரீச்சர் தனியாக வாசிக்கும் நாள். மூன்றாம் பக்கத்தில் விரல் தடக்கும் என்று அவருக்குப் பயம். அதே காலை ஒரு பெரிய இறுதிப் போட்டி. பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்துக்குள் கைத்தொலைபேசி வைத்திருந்தார்கள்.

ரீச்சர் முதல் கட்டையில் விரல் வைத்தார். யன்னலுக்கு வெளியே கம்பி எழும்பியது. முழு உயரத்துக்கு நின்று வெயிலில் மின்னியது.

தேவாலயத்துக்குள் இருந்தவர்களில் அதன் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரீச்சரின் முதுகு விறைத்தது. ஆறு நிமிட இசை நாலு நிமிடத்தில் முடிந்தது.

ஆராதனை முடிந்ததும் ரீச்சர் காரைத் தாண்டி நடந்தார்.

“இஞ்சேரும், ஏறும்” என்று மாஸ்ரர் கூப்பிட்டார்.

“நான் பஸ்ஸிலை போறன். ஒரு நாளைக்கு, எனக்காக, அதை நிப்பாட்டி வைக்க ஏலாதே?”

குரல் உயரவில்லை. அதுதான் பொல்லாதது.

மாஸ்ரர் பேசாமல் இருந்தால் இரண்டு வருடப் பொய்யும் தப்பும், ரீச்சருக்காக நிறுத்திய அந்த ஒரு நாள் போய்விடும். அவர் கார்க் கதவைத் திறந்தார்.

“எல்லாரும் பாருங்கோ.”

றேடியோவைப் போட்டார். வர்ணனை அலறியது, கம்பி இறங்கியது. நிறுத்தினார். அமைதி, கம்பி எழும்பியது. மூன்று தரம் செய்து காட்டினார். போதகரின் முகம் மூன்று தரமும் மாறியது.

ரீச்சர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். “அப்ப, போன ஞாயிறு கம்பி உள்ளுக்கை இருந்தது.”

“ஓம்.”

“அதுக்கு முதல் ஞாயிறு?”

“ஓம்.”

“கிறிஸ்மஸ்?”

“அண்டைக்கு மட்ச் இல்லை.”

“புதுவருச ஆராதனை?”

“மழையாலை ஆட்டம் நிண்டுபோச்சு.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை.

“இண்டைக்கு ஏன் நிப்பாட்டினியள்? சத்தத்தைக் குறைச்சிருந்தால் எனக்கு ஒண்டும் தெரிஞ்சிராது.”

“குறைச்சால் கை திரும்பப் போய்க் கூட்டும். என்ரை கையை எனக்குத் தெரியும். நீர் அந்த மூண்டாம் பக்கத்துக்கு ரெண்டு மாசமாப் பயந்தனீர். அதைக் கேக்கேக்கை ஒரு இரைச்சலும் வேண்டாமெண்டு நினைச்சன்.”

ரீச்சர் கம்பியைப் பார்த்தார். “விரல் தடக்கிப் பிழைச்சதோ?”

“மூண்டாம் பக்கம் பிழைக்கேல்லை. வேகந்தான் கொஞ்சம் கூட.”

ரீச்சர் காரில் ஏறினார்.

பின்னேரம் நான் குறட்டோடு போனேன். “ரெண்டு வயரைத்தானே மாத்த வேணும், ரீச்சர்.”

“மாத்த வேண்டாம், தம்பி. அது எழும்பி நிண்டால் ஆள் என்னைத்தான் கேக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்.”

போன ஞாயிறு தேவாலய வழியால் சைக்கிளில் போனேன். முக்கியமான போட்டி நாள். வேப்பமரத்தின் கீழ் கம்பி முழு உயரத்துக்கு நின்றது. மாஸ்ரர் கண்ணை மூடி, ஸ்ரேறிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என் கைத்தொலைபேசியில் ஸ்கோர் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.