செகோவியாவில் செருப்புக் காவல்

துணுக்காய்,
புரட்டாதி 5.

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிகுந்த பிரேமிளா மச்சாளுக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி நிசாந்தினி எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி நிரோஜன், பிள்ளை யது, உங்கள் அம்மாவாகிய என் மாமி, இரண்டு பசுக்கள், எல்லாரும் நல்ல சுகம். மட்றிட்டில் நீங்களும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கிறேன். என்னையும் யதுவையும் அங்கே கூப்பிட்டு வைத்துப் பார்த்ததற்கு நன்றி சொல்ல ஆறு கிழமை பிந்திவிட்டது, மன்னியுங்கோ.

இந்தக் காலத்தில் கடிதமோ என்று சிரிக்காதேங்கோ. என்ர போன் உடைந்ததிலிருந்து வீட்டில் ஒரே போன்தான், அது மாமியின் வானொலி. உங்கள் குரல் பதிவு வந்தால் முற்றத்தில் நின்று முழுச் சத்தத்தில் போட்டு, பக்கத்து வீட்டு வடிவம்மா அக்காவையும் கூப்பிட்டுத்தான் கேட்பா. போன கிழமை நீங்கள் அனுப்பிய அந்தப் படம், யாரோ முகநூலில் போட்டது, தேவாலய வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு பிள்ளை, கீழே 'இது எங்கட யதுவோ?' என்று உங்கள் கேள்வி, அதைக் கண்டதும் மாமி எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன். மாமி பசுவுக்கு வைக்கோல் போடப் போயிருந்தா. உடனே அழித்துவிட்டேன்.

ஓம் மச்சாள், எங்கட யதுதான். செகோவியாவிலிருந்து திரும்பி வந்த பின்னேரம் 'எல்லாம் வடிவாப் பார்த்தம்' என்று சொன்னது பொய். முழுக் கதையையும் சொல்கிறேன், மாமிக்கு மட்டும் மூச்சு விடாதேங்கோ. வருகிற தை மாதம் எனக்கு நெளுக்குளத்தில் ஆசிரியர் நியமனம். பிள்ளையை என்னோடு கூட்டிப்போக நான் நிற்கிறேன், 'உனக்குப் பிள்ளை பாக்கத் தெரியாது, விட்டிட்டுப் போ' என்று அவ நிற்கிறா. இது அவவின் காதில் விழுந்தால் என் வழக்கு அன்றோடு முடிந்தது.

நீங்கள் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் எங்களை ரயிலில் ஏற்றிவிட்டு, 'செகோவியா பழைய நகரம் சின்னன், நடந்தே பாக்கலாம், பயப்பிடாதை' என்றீர்களே, நடந்தோம். முதலில் ரோமர் கட்டிய கல் வாய்க்கால். சாந்து பூசாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கி ஆகாயத்தில் வாய்க்கால் ஓட்டியிருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்க்க யது, 'அம்மா, எப்ப தண்ணி துறந்து விடுவினம்?' என்றாள். வயல்காரன் பிள்ளை வேறென்ன கேட்கும்? பிறகு மேட்டு ஒழுங்கைகளில் ஏறி ஏறிப் போனால் ஒரு பழைய தேவாலயம், வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினோம். வேறொருவரும் கழற்றவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் செருப்போடு உள்ளே போக என் கால் சம்மதித்திராது. மெழுகுதிரி கொளுத்தி, 'மாதாவே, பிள்ளையைப் பத்திரமா வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்துவிடு' என்று கண்மூடி மன்றாடிக் கண்ணைத் திறந்தால், மச்சாள், பிள்ளையைக் காணவில்லை!

பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதால்தான் போயிருப்பாள் என்று வெறுங்காலோடு பாய்ந்தேன். மத்தியான வெயிலில் கல் வீதி தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது, போன் விழுந்து சிதறுகிறது, எந்த ஒழுங்கையைப் பார்த்தாலும் முந்தின ஒழுங்கைதான். எனக்குத் தெரிந்த ஸ்பானியம் 'ஓலா' ஒன்றுதான், கண்டவர்களிடமெல்லாம் அழுதழுது 'ஓலா, ஓலா' என்றேன், எல்லாரும் சிரித்த முகத்தோடு 'ஓலா' சொல்லிவிட்டுப் போனார்கள். முழுப் பன்றிக்குட்டியை வாட்டிக் கண்ணாடிக்குள் வைத்திருந்த கடையை மூன்று தரம் கடந்தேன், மூன்றாம் தரம் அந்தப் பன்றிக்குட்டிகூட என்னைத் தெரிந்த மாதிரிப் பார்த்தது. அப்போதுதான் அந்தக் கடைக்காரப் பெண் வெளியே வந்து என் காலைப் பார்த்தா. முகத்தைப் பார்த்து விளங்காதது காலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது போல, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினா.

தேவாலயத்தின் முன்வாசலில் ஒரு இருபது சோடி சப்பாத்து, வரிசை வரிசையாக. ஒரு பஸ் நிறைய வந்த சுற்றுலாக்காரர் எங்கள் செருப்பைப் பார்த்து அதுதான் அங்கத்தைச் சட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். நடுவில் சப்பணம் கட்டியபடி எங்கட யது. ஆறடி உயர மனிதர் ஒருவர் அப்படியே உள்ளே போகப் பார்க்க, 'மாமா, சப்பாத்து!' என்று கையை நீட்டினாள். பாவம் மனிதர், குனிந்து நூலை அவிழ்த்தார்.

'எங்கையடி போனனீ?' என்று நான் கத்தினேன்.

'நீங்கள் தான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனீங்கள். செருப்பை ஆர் பாக்கிறது? வந்து பாத்துக்கொண்டு இருக்கிறன். ஆக்களைக் காணாட்டில் செருப்படியில இருக்கவேணுமாம், செருப்பை விட்டிட்டு ஒருத்தரும் வீட்டை போகமாட்டினமாம்.'

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. திருவிழாவில் மாமி பிள்ளையைச் செருப்புக் காவலுக்கு இருத்துகிறா என்று, பட்டதாரி நான், ஊர் பார்க்கச் சண்டை பிடித்தது உங்களுக்குத் தெரியும்தானே. பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன், சுற்றுலாக்காரர் கைதட்டினார்கள். பிறகு கல் வாய்க்கால் நிழலில் இருந்து ஐஸ்கிரீம் குடித்தோம். உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம், நெஞ்சு மட்டும் பஞ்சு மாதிரி.

எங்கள் பிள்ளையாரும் அந்தப் பெயர் தெரியாத தேவாலயத்து மாதாவும் உங்கள் வீட்டு வாசலை என்றும் காக்கட்டும்.

இனிக் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடும்,
நிசாந்தினி

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி மாமியின் அறைக்குள் போனேன். சுவரில் அந்தப் படம், பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு! பின்னால வந்த மாமி, நான் அழிக்க முந்தியே பார்த்திட்டாவாம், பிள்ளை தனியச் செருப்படியில இருக்கிறதைக் கண்டதுமே எல்லாம் விளங்கிட்டுதாம். 'துலைச்சது நீ, துலையாமல் வைச்சிருந்தது நான்' எண்டா. 'சரி, நெளுக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, நான் மறிக்கேல்லை' எண்டா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு மச்சாள். பிறகுதான் கட்டிலுக்குக் கீழே பார்த்தன். அவவின்ர பயணப் பை கட்டி ஆயத்தமாய் இருக்கு. அதுக்கு மேல அவவின்ர புதுச் செருப்பு.